நம்பிக்கையின் வழிகள் – 4: விலங்கிட்ட கையோடு ஒரு திருவருகைக் காலம்

கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக் காலம். கடைவீதிக்கு நட்சத்திரமும் குடிலும் எப்போதோ வந்துவிட்டாலும், கோவில் வழிபாடு அத்தனை சீக்கிரம் பெத்லகேம் போய்ச் சேர்வதில்லை. முதல் ஞாயிறன்று வாசிக்கும் நற்செய்தி உலக முடிவைப் பற்றியது. அடுத்துப் பாலைவனத்தில் அதட்டிக் கூப்பிடும் திருமுழுக்கு யோவான். கேட்பவரை ஒருமுறை உலுக்கிய பிறகுதான் குழந்தையைக் காட்டுகிறார்கள். இந்த வரிசையின் பொருளைத் தன் கடைசி மாதங்களில் எழுதிப் பார்த்தவர் ஆல்ஃபிரட் டெல்ப் என்ற ஜெர்மானிய இயேசு சபைக் குரு.

1907இல் மன்ஹைமில் பிறந்தவர். 1926இல் சபையில் சேர்ந்தார். மியூனிக்கில் சபை நடத்திய இதழில் சமூகப் பிரச்சினைகளைப் பற்றி எழுதினார். நாஜிகள் இதழை மூடியதும் போகன்ஹவுசன் பகுதியில் ஆன்மப் பணிக்குப் போனார். 1942 முதல் ஹெல்முட் ஜேம்ஸ் ஃபான் மோல்ட்கேயின் கிரைசாவ் வட்டத்தில் இருந்தார். ஹிட்லருக்குப் பின் ஜெர்மனி எப்படி அமைய வேண்டும் என்று இரகசியமாகத் திட்டமிட்ட குழு அது. 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி தோற்றது. எட்டாம் நாள், காலைத் திருப்பலி முடித்து வெளியே வந்தவரை நாஜிகளின் இரகசியப் போலீஸான கெஸ்டபோ பிடித்துக்கொண்டது.

பெர்லினின் டேகல் சிறையில் அவர் கைகளில் விலங்கு. விலங்கோடுதான் எழுதினார். மரியான்னே ஹாபிக், மரியான்னே பூண்டர் என்ற இரு பெண்கள் அவருடைய துணிகளைத் துவைத்துக் கொடுத்துவந்தார்கள். வெள்ளைத் தாள் துணியோடு உள்ளே போகும்; எழுதிய தாள் அழுக்குத் துணியோடு வெளியே வரும். அந்த டிசம்பரின் தியானங்கள் காப்பாற்றப்பட்டது அப்படித்தான்.

அவற்றில் ஆறுதல் மொழியைத் தேடுபவர் ஏமாந்துபோவார். தன் வாழ்வுக்குத் தானே பொருள் கொடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் முதலில் நொறுங்க வேண்டும் என்கிறார் டெல்ப். நாட்டையே நாசமாக்கிய ஆணவம் அவர் கண்முன் இருந்தது. யோவான், மரியாவிடம் சேதி கொண்டுவந்த வானதூதர், மரியா ஆகிய மூவரையும் இக்காலத்தின் மாதிரிகளாக வைக்கிறார். மூவருமே தமக்கு அப்பாலிருந்து வருவதற்காக நின்றவர்கள். இதே சிறையில் ஓராண்டு முன்பு அடைபட்டிருந்த லூத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபரும், வெளியிலிருந்து மட்டுமே திறக்கக்கூடிய கதவைத் திருவருகைக் காலத்தின் உருவமாகக் கடிதமொன்றில் கண்டிருந்தார்.

டெல்ப்புக்கு இது வெறும் எழுத்தாக நிற்கவில்லை. இயேசு சபையை விட்டு விலகினால் உயிர்ப்பிச்சை கிடைக்கும் என்று ஆசை காட்டினார்கள். மறுத்தார். கைதால் தள்ளிப்போயிருந்த இறுதி வார்த்தைப்பாட்டை, டிசம்பர் 8 அன்று, பார்க்க வந்த சக குரு ஃபிரான்ஸ் ஃபான் டாட்டன்பாக் முன்னிலையில் சிறையிலேயே எடுத்துக்கொண்டார். பீடமும் பாடகரும் இல்லாத சடங்கு. ஆனால் ‘எதற்காக வாழ்கிறாய்’ என்ற கேள்விக்கு அவர் கையெழுத்திட்டுத் தந்த பதில் அதுதான்.

1945 ஜனவரியில் நாஜி நீதிபதி ரோலண்ட் ஃபிரைஸ்லரின் மக்கள் நீதிமன்றம் அவரை விசாரித்தது. கொலை முயற்சியில் அவருக்குப் பங்கிருந்ததாக நிறுவ முடியாவிட்டாலும் மரண தண்டனை விதித்தது. பிப்ரவரி 2 அன்று பிளட்சன்ஸே சிறையில் தூக்கிலிட்டார்கள். வயது 37. போர் முடிந்ததும் அந்தத் தாள்கள் ஜெர்மனில் நூலாயின. பின்னர் வந்த ஆங்கிலப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் அமெரிக்கத் துறவி தாமஸ் மெர்ட்டன்.