உங்களுக்குத் தெரியுமா? துரை பொறுப்பில் இருந்த பள்ளிக்கூடம்

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்களுக்குச் சற்றுத் தள்ளி, தகரக் கூரை போட்ட நீளமான பழைய மண்டபம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். தோட்டப் பாடசாலையின் தொடக்க உருவம் அதுதான்.

1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் போன்ற கிறிஸ்தவ அமைப்புகள் தோட்டப் பிள்ளைகளுக்கு முதலில் எழுத்தறிவித்தன. பிறகு 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தருவதையும், ஆசிரியரை நியமித்து வகுப்பறையைப் பழுதுபார்த்து வைப்பதையும் தோட்டத் துரையின் கடமையாக்கியது. கொழுந்துக் கணக்கே பெரிதாக இருந்த நிர்வாகத்திடம் பள்ளிக்கூடத்தை ஒப்படைத்தால் என்ன நடக்கும்? பல இடங்களில் ஒரே மண்டபம், ஒரே வாத்தியார். தடுப்புச் சுவர் கிடையாது. ஒரு மூலையில் அரிச்சுவடி, மறு மூலையில் வாய்ப்பாடு, இரண்டுக்கும் மேலே தகரத்தில் மழை இரைச்சல். அதற்குள் நின்று கற்பித்த அந்த வாத்தியார்களுக்கு மலையகம் பட்ட கடன் பெரிது.

1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் நிர்வாகங்களின் கையிலேயே விடப்பட்டன. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1977 முதல்தான் அந்தப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத் தாமதம் அது! எண்பதுகளில் சுவீடன் நாட்டு உதவியோடு பல பாடசாலைகளுக்குப் புதிய கட்டடங்கள் எழுந்தன.