ராஜ்மாச்சிக்கு ஒரு நடைச் சுற்றுலா

டிராம்பேயில் வாழ்வோருக்கு மலை புதிய காட்சியன்று. சீட்டா கேம்ப்பின் சந்துகளிலிருந்தும் மான்கூர்த் ரயில் நிலையத்து மேம்பாலத்திலிருந்தும் நோக்கினால், ஏறத்தாழ 300 மீட்டர் உயரமுள்ள குன்று எப்போதும் கண்ணெதிரே நிற்கிறது. ஆனால் அதன்மீது ஏற நமக்கு வழியில்லை. 1954ஆம் ஆண்டு அணுசக்தி நிறுவனம் இங்கே நிறுவப்பட்டது. ஆசியாவின் முதல் அணு உலையாகிய அப்சரா 1956இல் இதே அடிவாரத்தில்தான் இயங்கத் தொடங்கியது. அன்று முதல் அக்குன்று வேலிக்கு அப்பால் இருக்கிறது. பல்லாண்டுகளாக மலையைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்து, ஒருமுறையேனும் மலையேறாத குடும்பங்கள் இப்பகுதியில் மிகுதி.

அதே கருங்கல், அதாவது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாக வழிந்து இறுகிய தக்காணப் பாறை, கிழக்கே சஹ்யாத்திரி மலைத்தொடராக ஓங்கி நிற்கிறது. அங்கே வேலி இல்லை. மான்கூர்த்தில் ஹார்பர் வண்டி ஏறி, குர்லாவில் கர்ஜத் செல்லும் மின்ரயிலுக்கு மாறினால் போதும்.

நடந்தே ஊர் பார்க்கும் சுற்றுலா என்றவுடன் நம் வாடிக்கையாளர்களில் பலர் இத்தாலியை நினைக்கின்றனர். தஸ்கனி மாநிலத்துக் குன்றுகளின் ஊடே, வழிகாட்டி ஒருவருடன் எட்டுப் பத்துப் பேர் நாளொன்றுக்குப் பதினைந்து இருபது கிலோமீட்டர் நடப்பதும், மூட்டை முடிச்சுகள் தனியே வண்டியில் வந்து சேர்வதும், இரவில் பண்ணை வீட்டில் தங்குவதும் அங்கே நெடுநாளாக நடந்துவருபவை. சான் ஜிமிஞ்ஞானோ, மொந்தெரிஜ்ஜோனி, சியேனா ஆகிய ஊர்களை இணைக்கும் அப்பாதை வெறும் சுற்றுலாப் பாதையன்று. கான்டர்பரியின் தலைமைப் பேராயர் சிஜெரிக் 990ஆம் ஆண்டில் ரோமிலிருந்து திரும்பும்போது, தாம் தங்கிய 79 இடங்களின் பெயர்களை எழுதிவைத்தார். அக்குறிப்பைக் கொண்டே பிரான்சிஜேனா என்னும் அந்தப் பழைய யாத்திரை வழி அடையாளம் காணப்பட்டது. 1994இல் ஐரோப்பிய மன்றம் அதனைப் பண்பாட்டுப் பாதையாக ஏற்றது. விவசாயிகள் தம் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைத்து வருவாய் ஈட்டுவதற்கு இத்தாலி 1985இல் தனிச்சட்டமே இயற்றியது. உழவர் நிலத்தை விட்டு நகரத்துக்குப் போய்விடக் கூடாது என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று.

பழைய பாதை, உழவர் வீட்டுச் சாப்பாடு, உள்ளூர் வழிகாட்டி ஆகிய மூன்றும் நமக்கு ரயில் தொலைவிலேயே கிடைக்கின்றன. கடந்த ஜனவரியில், டிராம்பே, செம்பூர், மாட்டுங்கா பகுதிகளைச் சேர்ந்த ஒன்பது பேர், எங்களில் மூவர் அறுபது வயதைக் கடந்தவர்கள், கர்ஜத்திலிருந்து ராஜ்மாச்சி வழியாக லோணாவளா வரை இரண்டு நாள் நடந்தோம். ராஜ்மாச்சிக் கோட்டையின் அடியிலுள்ள உதேவாடி கிராமத்து இளைஞர் ஒருவர் முதல்நாள் காலையிலேயே இறங்கிவந்து கர்ஜத் நிலையத்தில் எங்களை எதிர்கொண்டார்.

அங்கிருந்து ஆட்டோவில் கொண்டிவடே வரை செல்லலாம். பிறகு கால்தான். முதல் ஏற்றத்தின் முடிவில் கொண்டாணே குகைகள் தோன்றும். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பௌத்தத் துறவிகளுக்காகக் குடையப்பட்டவை இவை. மரக்கட்டடத்தின் விட்டமும் வளைவும் எப்படி இருக்குமோ அப்படியே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். வழிபாட்டுக் கூடத்து முகப்பின் ஓரத்தில், சிதைந்துபோன பெரிய யட்சன் சிலையொன்றின் தலைப்பகுதி மட்டும் எஞ்சியுள்ளது. அதனருகே பிராமி எழுத்தில் ஒரு வரி: கண்ஹனின் மாணவன் பலகன் இதைச் செய்தான் என்பது அதன் பொருள். பண்டைய இந்தியச் சிற்பி தன் பெயரை விட்டுச்செல்வது அரிது. தன் ஆசிரியர் பெயரையும் சேர்த்து விட்டுச்செல்வது அதனினும் அரிது. வழிகாட்டி சுட்டிக்காட்டியிராவிடில் நாங்கள் அதைக் கவனியாமலே கடந்திருப்போம்.

குகைகளுக்கு மேல் பாதை செங்குத்தாகிறது. மரங்களுக்கிடையே மாட்டுத் தடங்கள் பல பிரிந்து செல்கின்றன. எல்லாமே பாதை போலத் தோன்றுகின்றன, சில பள்ளத்தின் விளிம்பில் முடிகின்றன. வழிகாட்டி முன்னால் செல்லாமல் நடுவில் நடந்தார். முதல்வரும் கடைசியாக வருபவரும் ஒரே நேரத்தில் தம் கண்ணில் படவேண்டும் என்பது அவர் கணக்கு. ஒன்பது பேர் என்பதால் அது முடிந்தது. நாற்பது பேராக இருந்திருந்தால் முடிந்திராது.

எங்களில் மூத்தவர் ஒருவருக்கு முழங்கால் வலி எடுத்தது. வழிகாட்டி அவரைக் ‘காகா’ என்று அழைத்துப் பையை வாங்கிக்கொண்டார். நடையின் வேகமும் குறைந்தது. உதேவாடியை அடைந்தபோது மாலை ஐந்தைத் தாண்டிவிட்டது. ஸ்ரீவர்தன் உச்சியில் கதிரவன் மறைவதைக் காணவேண்டும் என்பதற்காகவே எங்களில் இருவர் இப்பயணத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தனர். வழிகாட்டி இன்று ஏற வேண்டாம் என்றார். வெளிச்சம் இருக்கிறதே என்று வாதிட்டனர். ஏறுவதற்கு இருக்கிறது, இறங்குவதற்கு இல்லை என்று அமைதியாக விடையளித்துவிட்டு அவர் தேநீர் சொல்லப் போய்விட்டார். முகம் சுருங்கியவர்கள் சுருங்கியவாறே இருந்தனர்.

வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் எதற்காக என்பது எங்களுக்கு அங்கேதான் விளங்கியது. வழி காட்டுவதற்கு மட்டுமன்று, வேண்டாம் என்று சொல்வதற்கும் சேர்த்தே அது. தமிழ் வாசகர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல், கோடைக் காற்று, தப்பிச்செல்லும் வழி ஆகியவற்றை நன்கறிந்து, உரிய நேரத்தில் தடுப்பவர் இல்லையெனில் அழகிய சரிவும் பொறியாகிவிடுகிறது. அதன் பின்னரே தமிழ்நாட்டில் விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலைப்பாதைகளை இணையவழி முன்பதிவுடன் திறந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள், குறிப்பாகப் பழங்குடியினர், அங்கே வழிகாட்டிகளாக உள்ளனர். காட்டுத்தீ அபாயமுள்ள பருவத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. விடுமுறைக்குத் தமிழ்நாடு செல்லும் மும்பைக் குடும்பங்கள் இதனைக் கருத்தில் கொள்ளலாம்.

இரவுணவு வழிகாட்டியின் அத்தை வீட்டில். கடலை மாவில் கிண்டிய பிட்லா, சுடச்சுட அரிசி மாவு பாக்ரி, பச்சைமிளகாயும் பூண்டும் இடித்த டேச்சா. நாங்கள் ‘மாவ்ஷி’ என்றழைத்த அந்த அம்மையார், எத்தனை பாக்ரி என்று எண்ணுவதை நிறுத்தும்வரை பரிமாறினார். ஒன்பது பேருக்கு அவர் ஒருவரே சமைத்தார். அவ்வளவு பேருக்குத்தான் அவ்வீட்டில் பாயும் உண்டு. தங்குமிடம், உணவு, வழிகாட்டியின் ஊதியம் யாவும் சேர்த்து ஒருவருக்கு ஆன செலவு, மும்பையில் ஒரு குடும்பம் நல்ல உணவகத்தில் ஒருமுறை உண்ணும் செலவை எட்டவில்லை. ஆனால் அத்தொகை முழுவதும் அந்த ஊரிலேயே தங்கியது. மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் மின்மினிகளைக் காண இம்மலைக்குப் பெருங்கூட்டம் திரள்வதுண்டு. அவ்வேளையில் டார்ச் விளக்குகளும் வண்டிகளும் மின்மினிகளின் இருளைக் குலைத்துவிடுகின்றன. அக்காலத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

மறுநாள் விடியுமுன் புறப்பட்டோம். ஸ்ரீவர்தன், மனரஞ்சன் என இரு கோட்டைகள். இடையிலுள்ள கணவாயில் காலபைரவர் கோயில். முந்தைய மாலை மறுக்கப்பட்டது காலையில் ஈடானது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஸ்ரீவர்தன் உச்சியில் முழங்கால் வலிக்காரரும் எங்களுடன் நின்றார். கீழே உல்லாஸ் ஆறு பிறக்கும் பள்ளத்தாக்கு பனிமூட்டத்தில் கிடந்தது. எதிரே போர்காட் கணவாய். கல்யாண், சோபாரா துறைமுகங்களில் இறங்கிய சரக்கு தக்காணத்துக்கு ஏறிய வழி அது. அதைக் காவல் காக்கவே இக்கோட்டை எழுந்தது. பதினேழாம் நூற்றாண்டில் சிவாஜியின் வசமிருந்த இது, 1818இல் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. அதே கணவாயில் 1863இல் ரயில் ஏறியது. ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் இடையில் இறந்துவிட, அவர் மனைவி ஆலிஸ் பணியை ஏற்று நடத்தினார் என்பதை, டெக்கான் குயினில் செல்லும்போது நினைவுகூரலாம்.

லோணாவளா வரையிலான பதினைந்து கிலோமீட்டர் பெரும்பாலும் சமதளம். ஏற்றத்தைவிட இதுவே அலுப்பூட்டுவது என்பது எங்கள் கருத்து. நேரமிருப்பவர்கள் லோணாவளாவை அடுத்த கார்லே குகைக்கும் செல்லலாம். அங்குள்ள பெருங்கூடத்தைக் கட்டுவித்தவர் வைஜயந்தி நகரத்துப் பூதபாலர் என்று கல்வெட்டு கூறுகிறது. அதில் அவர் ‘சேட்டி’ எனப்படுகிறார். அச்சொல் நமக்கு அயலானதன்று; பணத்தொழில் புரிந்த பெருவணிகரைக் குறிப்பது. வங்கியின் இதழில் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இத்தாலிக்கே செல்ல விரும்புவோர் முன்கூட்டித் திட்டமிட வேண்டும். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். செலவு ஒருவருக்கே இலட்சங்களில் ஆகும் என்பதால், ஓரிரு ஆண்டுகளுக்குத் தொடர் வைப்புக் கணக்கில் சேமித்துச் செல்வது, கடன் பெற்றுச் செல்வதினும் நன்று. பயணக் குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை பேர், வழிகாட்டி அப்பகுதியைச் சேர்ந்தவரா, வானிலை மாறினால் என்ன செய்வார்கள் என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுக.

ராஜ்மாச்சிக்கு அக்டோபர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். மழைக்காலத்தில் கொண்டாணே வழியிலுள்ள பாறை வழுக்கும். நிர்வாகம் தடை விதிப்பதும் உண்டு. கணுக்காலை மூடும் காலணி, ஆளுக்கு மூன்று லிட்டர் நீர், டார்ச் போதும். மலைமேல் ஏடிஎம் இல்லை; அலைபேசித் தொடர்பும் நிச்சயமில்லை. ஆகவே நூறு, இருநூறு ரூபாய்த் தாள்களாகப் பணம் எடுத்துச் செல்லுங்கள். திரும்பும்போது ஞாயிறு மாலை லோணாவளாவில் ரயில்கள் நிரம்பி வழியும். நான்கு மணிக்குள் நிலையத்தை அடைந்தால் தாதர் வரை உட்கார்ந்து வரலாம்.