சங்கம் மடமாகும் கதை

தியாகராய நகரில் பனகல் பூங்காவைச் சுற்றிப் போகாத தொழிலாளத் தோழர் உண்டா? ரங்கநாதன் தெருவில் மூட்டை சுமப்பவரும், உஸ்மான் சாலைத் துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்ற காலோடு வேலை பார்ப்பவரும் அந்தப் பெயரை நாள்தோறும் உச்சரிக்கிறார்கள். நகருக்குப் பெயர் தந்தவர் நீதிக்கட்சித் தலைவர் சர். பிட்டி தியாகராயர். பூங்காவுக்குப் பெயர் தந்தவர் 1921 முதல் 1926 வரை அக்கட்சியின் முதலமைச்சராக இருந்த பனகல் அரசர். கோயில், மடங்களின் வரவு செலவைக் கண்காணிக்க ஒரு வாரியம் வேண்டும் என்ற மசோதா 1922-ல் வந்ததும், 1925-ல் சட்டமானதும் அவர் காலத்தில்தான். அந்தச் சட்டம் செல்லுமா என்று வழக்குகள் கிளம்பவே, 1927-ல் சட்டமன்றம் அதை மீண்டும் நிறைவேற்றியது.

“மதத்தில் கை வைக்கிறார்கள்!” என்று அன்று கூக்குரல் எழுந்தது. கணக்குப் புத்தகத்தைக் கேட்டால் மதத்தில் கை வைப்பதா என்று திருப்பிக் கேட்டார்கள் நம் முன்னோர். இந்த வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. ஆகவேதான் மத அமைப்புகள் எத்தனை வகை, அவை எப்படிப் பிறந்து எப்படி வளர்கின்றன என்பதை நாமும் அறிந்திருக்க வேண்டியுள்ளது.

பக்தி அவரவர் உள்ளம், அதில் ஆராய்ச்சிக்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். பக்தி உள்ளத்தில் இருக்கட்டும். யாரும் அதைத் தொடவில்லை. உண்டியல், நிலம், பள்ளிக்கூடம், அங்கே வேலை பார்ப்பவரின் சம்பளம் ஆகியவை உள்ளத்துக்கு வெளியேதானே இருக்கின்றன?

ஜெர்மன் நாட்டு அறிஞர்கள் மாக்ஸ் வேபரும் எர்ன்ஸ்ட் ட்ரோல்ச்சும் மத அமைப்புகளை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒருவன் பிறந்தபோதே அவனை உள்ளே சேர்த்துக்கொள்ளும் பெருஞ்சபை ஒன்று. அரசோடும் நிலவுடைமையோடும் ஒத்துப்போவது அதன் இயல்பு. மற்றொன்று, தானே விரும்பி வந்து, நடத்தையை மெய்ப்பித்துச் சேரும் சிறு குழு. வேபர் 1904-ல் அமெரிக்கா போனார். வடக்கு கரோலினாவில் குளிர்ந்த குளத்து நீரில் நடந்த ஒரு ஞானஸ்நானத்தைப் பார்த்தார். நீரில் மூழ்கியவர்களில் ஒருவன் அந்த ஊரில் வங்கி திறக்கப் போகிறான் என்று உடன் இருந்த உறவினர் காரணம் சொன்னாராம். அந்தக் குழுவில் இடம் பிடித்தவன் நாணயமானவன் என்று ஊர் நம்பும். பணம் தானே வந்து சேரும். நம் ஊரிலும் நெற்றிக் குறியைப் பார்த்துக் கடன் கொடுத்த காலம் இருந்ததல்லவா?

குழு எப்படிச் சபையாகிறது? அமெரிக்கரான ரிச்சர்ட் நீபூர் 1929-ல் எழுதிய நூலில் அதை விளக்கினார். ஏழைகள் கூடிக் குழு அமைக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் பிறக்கின்றன. அந்தப் பிள்ளைகள் தாமாகத் தேடி வந்தவர்கள் அல்லர், அங்கே பிறந்தவர்கள். கையில் காசு சேர்கிறது, கட்டடம் எழுகிறது, கட்டடத்துக்கு நிர்வாகி வேண்டியிருக்கிறது. ஒரு தலைமுறை கழிந்தால் பழைய சபைக்கும் புதியதற்கும் வேறுபாடு காண்பது அரிது.

இதற்கு வடலூரைவிட நல்ல சான்று தமிழகத்தில் தேட வேண்டாம். ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்து, பின்னர் சென்னையை விட்டுப் போன இராமலிங்க அடிகள், 1865-ல் சங்கம் கண்டார். 1867-ல் தருமசாலை திறந்தார். 1872-ல் சத்திய ஞான சபையை எழுப்பினார். சாதி வேண்டாம், சமயச் சடங்கு வேண்டாம், சோதியை வணங்கு, பசித்தவனுக்குச் சோறு போடு என்பது அவர் வகுத்த வழி. அவர் இட்ட அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. ஆனால் சபைக்குள் என்ன நடந்தது? பின்னாளில் அங்கே சிவலிங்கம் வந்தது, ஆகமப் பூசை வந்தது. மற்றக் கோயில்களைப் போல இதுவும் ஒன்று என்றாகிவிடும் நிலை. சன்மார்க்க அன்பர்கள் முறையிட்டார்கள். வள்ளலார் 1872-ல் எழுதி வைத்த வழிபாட்டு விதிகளுக்கு இது மாறானது என்று 2006-ல் அறநிலையத் துறை முடிவு செய்தது. 2010-ல் சென்னை உயர்நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. மதத்தில் தலையிடுகிறது என்று வசை வாங்கும் துறைதான், ஒரு சமயப் பெரியாரின் சொல்லை அவர் கட்டிய சபைக்குள்ளேயே காப்பாற்ற வேண்டி வந்தது. இதை எடுத்துச் சொல்ல நம் மேடைகளில் ஏனோ மறந்துவிடுகிறோம்.

அமைப்பு எந்த வகை என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் போயிற்று. உடுப்பி எட்டு மடங்களில் ஒன்றான சிரூர் மடம், சென்னை அரசின் 1951-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தை எதிர்த்து வழக்காடியது. 1954-ல் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட், ஆங்கில அகராதியைப் புரட்டி, பொது நம்பிக்கையும் அமைப்பும் தனிப் பெயரும் உடையது ‘சமயப் பிரிவு’ என்றது. அந்தப் பெயருக்கு உரிய மடம் தன் சமய காரியங்களைத் தானே நடத்தலாம். சொத்து நிர்வாகமோ சட்டத்துக்கு உட்பட்டது. சட்டத்தின் சில பிரிவுகள் விழுந்தன, அடிப்படை நின்றது.

பெயரில் எவ்வளவு இருக்கிறது என்பதை இராமகிருஷ்ண மிஷன் வழக்கு இன்னும் தெளிவாகக் காட்டும். விவேகானந்தர் அந்த மிஷனைத் தொடங்கிய 1897-லேயே, அவருடைய தோழர் இராமகிருஷ்ணானந்தர் சென்னைக்கு வந்து மடத்துக்கு வித்திட்டார். இங்கே பிள்ளைகள் பிறந்து சபை பெருகவில்லை; சேர்பவர்கள் துறவிகள். பள்ளியாலும் மருத்துவமனையாலும் மிஷன் வளர்ந்தது. தியாகராய நகர் மிஷன் பள்ளிகளில் படித்து முன்னேறிய ஏழை வீட்டுப் பிள்ளைகளை நாம் அறிவோம். அந்தத் தொண்டைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று.

வங்காளத்தில் ரஹாரா என்ற ஊரில் மிஷன் நடத்திய கல்லூரியின் முதல்வர் நியமனம் பற்றி 1980-ல் ஆசிரியர்கள் கல்கத்தா உயர்நீதிமன்றம் சென்றார்கள். மற்றத் தனியார் கல்லூரிகளுக்கு உள்ள ஆளுங்குழு விதி இங்கும் வேண்டும் என்றார்கள். மிஷன் தந்த பதில் நாட்டையே வியக்க வைத்தது. எங்கள் வழி தனி மதம், நாங்கள் சிறுபான்மையினர், சிறுபான்மைக் கல்வி நிலையங்களுக்கு உள்ள உரிமை எங்களுக்கும் உண்டு என்றது! எல்லா மதமும் ஒன்று என்று போதித்தவரின் பெயரால் ஒரு புது மதம். உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. 1995-ல் சுப்ரீம் கோர்ட் மறுத்தது. மிஷன் இந்து மதத்துக்குள் ஒரு சமயப் பிரிவே என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் அந்தக் கல்லூரிகளுக்கு ஆளுங்குழு அமைக்கும்படி அரசுக்குக் கட்டளையிடவும் அது மறுத்துவிட்டது. பதினைந்து ஆண்டு வழக்காடிய ஆசிரியர்கள், நிர்வாகத்தில் இடம் கிடைக்காமலே வீடு திரும்பினார்கள்.