ஆவிகள் வளர்த்த சிறுவன்

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய இழப்புகளுக்குப் பின், “அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்”, “தூங்குகிறாள்” என்று பிள்ளைகளிடம் கூறும் உறவினர்களை நாங்கள் காண்கிறோம். அன்பினால் சொல்லப்படும் சொற்களே அவை. ஆயினும் அவற்றை நம்பும் குழந்தை நாள்தோறும் வாசலைப் பார்த்திருக்கும். அல்லது உறங்கவே அஞ்சும்.

நீல் கெய்மன் 2008இல் வெளியிட்ட ‘தி கிரேவ்யார்டு புக்’ என்னும் சிறுவர் நாவலில், கொலையாளியால் குடும்பத்தை இழந்த குழந்தை ஒன்று இடுகாட்டை அடைகிறது. அங்குள்ள ஆவிகள் அவனை வளர்க்கின்றன. ஸ்கார்லெட் என்னும் சிறுமி அவனுக்குத் தோழியாகிறாள். அவள் பெற்றோரோ அவனை வெறுங் கற்பனை என்றே எண்ணுகின்றனர். அவன் வளர வளர ஆவிகள் அவன் கண்ணுக்கு மங்குகின்றன. இறுதியில் வாழ்வோர் உலகிற்குப் புறப்படுகிறான். இந்நாவல் மரணத்தை மறைப்பதில்லை; இறந்தோரின் அன்பையும் மறுப்பதில்லை.

நாமும் அவ்வாறே செய்யலாம். இறந்த தந்தை தன்னுடன் பேசியதாகப் பிள்ளை சொன்னால் அஞ்ச வேண்டாம். துக்கத்தில் அது நேர்வதுண்டு. கண்டிப்பதோ பேயோட்டுவதோ கூடாது, பொறுமையுடன் கேளுங்கள். “அப்பா இறந்துவிட்டார், திரும்பி வரமாட்டார், அது உன் தவறன்று” எனத் தெளிவாகக் கூறுங்கள். அவரைப் பற்றி அடிக்கடி பேசுங்கள்.

உறக்கமின்மை, உண்ண மறுத்தல், பள்ளி செல்ல மறுத்தல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரை அணுகுங்கள். தானும் சாக வேண்டும் என்று பிள்ளை சொன்னால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். டெலி-மனாஸ் 14416 என்னும் இலவச எண்ணில் 24 மணி நேரமும் ஆலோசனை பெறலாம்.