வினவி அறிதலும் செவிமடுத்து அறிதலும்

கணினித் திரையில் விண்வெளிப் போர் விளையாட்டு ஆடும் மாணவனுக்கு விரைவிலேயே ஒரு சிக்கல் எதிர்ப்படும். அவனுடைய கலத்தில் ரேடார் உண்டு. அதனை இயக்கினால் தொலைவிலுள்ள பகைக்கலங்கள் புலப்படும். ஆனால், இயக்கிய கணமே அவன் இருக்குமிடமும் பகைவர்க்குப் புலப்பட்டுவிடும். இயக்காது வாளாவிருந்து, பிறர் பரப்பும் அலைகளை மட்டும் ஏற்றால் அவன் மறைந்திருக்கலாம். ஆனால், பகைவரும் வாளாவிருந்தால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. வினவுவதா, செவிமடுப்பதா என்னும் இவ்வினா விளையாட்டிற்கு மட்டும் உரியதன்று. வளிமண்டல ஆராய்ச்சியிலும், ராக்கெட் ஏவுதலிலும், புயல் எச்சரிக்கையிலும் இதே வினா நாள்தோறும் எழுகின்றது.

இதனை நேரிற் கண்டறிய ஏற்ற வட்டாரம் ஒன்று தமிழகத்தின் வட எல்லையை ஒட்டியே உள்ளது. திருப்பதியிலிருந்து புத்தூர் வழியாகச் சென்னைக்கு வரும் சாலையில் வடமாலபேட்டை என்னும் ஊர் இருக்கின்றது. அதற்கு மேற்கே, திருப்பதி–சித்தூர் சாலையில், மலைகள் சூழ்ந்த காதங்கி உள்ளது. தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் அங்கேதான் அமைந்துள்ளது. கிழக்கே, கடலோரத்தில், ராக்கெட்டுகள் ஏவப்படும் ஸ்ரீஹரிகோட்டா இருக்கின்றது. முன்னர்ச் சித்தூர், நெல்லூர் என்னும் இரு மாவட்டங்களில் அடங்கியிருந்த இவ்வூர்கள், 2022-ஆம் ஆண்டில் திருப்பதி மாவட்டம் அமைந்தபின் ஒரே மாவட்டத்தில் சேர்ந்தன.

இருவகை முறைகள்

ரேடியோ அலைகளைத் தானே பரப்பி, பொருள்களின்மீது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு அவற்றை அறிவது ஏவுமுறை. தான் ஒன்றையும் பரப்பாது, பொருள் தானே வெளியிடும் அலையையோ, பிறர் பரப்பிய அலை அப்பொருளின்மீது பட்டுச் சிதறுவதையோ ஏற்று அறிவது ஏற்புமுறை. கைவிளக்குடன் வயல் வரப்பிற் செல்பவன் முதல் முறையைக் கையாள்கிறான். இருளில் நின்று காலடி ஓசையைக் கேட்பவன் இரண்டாம் முறையைக் கையாள்கிறான்.

ஏவுமுறையின் பெருஞ்சிறப்பு, தொலைவை நேரே அளக்க இயலுவதாகும். ரேடியோ அலை நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆதலின், 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொருளிலிருந்து எதிரொலி வந்து சேர ஓர் ஆயிரத்தொரு பங்கு நொடி ஆகும். வினவிய நேரமும் விடை வந்த நேரமும் தெரிந்தால் தொலைவு தானே தெரியும். ஏற்புமுறையில் அலை புறப்பட்ட நேரம் பெரும்பாலும் தெரிவதில்லை. எத்திசையிலிருந்து வந்தது என்பதே முதலில் தெரியும். தொலைவை அறிய வேறு வழி தேட வேண்டும்.

எனினும், ஏற்புமுறைக்கும் ஒரு சிறப்பு உண்டு. பரவிச் செல்லும் அலையின் செறிவு, தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறையும். தொலைவு இருமடங்கானால் செறிவு நான்கில் ஒரு பங்காகும். எதிரொலியோ சென்று திரும்ப வேண்டியிருத்தலின் இருமுறை இவ்வாறு குறைந்து, பதினாறில் ஒரு பங்காகும். தொலைவு பத்து மடங்கானால், நேரே கேட்பவனுக்கு நூறில் ஒரு பங்கு கிடைக்கும். எதிரொலிக்குக் காத்திருப்பவனுக்குப் பதினாயிரத்தில் ஒரு பங்கே கிடைக்கும். எனவே, வினவுகிறவன் தன் எதிரொலியைக் கேட்கக்கூடிய தொலைவிற்கு அப்பாலும் அவனுடைய குரல் பிறருக்குக் கேட்கும்.

போர் கற்பித்த பாடம்

ரேடாரின் வரலாற்றில் ஏற்புமுறை தொடக்கத்திலேயே இடம்பெற்றது. 1935 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தில் டாவென்ட்ரி என்னுமிடத்தில் வாட்சன் வாட் என்பவரும் அவருடைய துணைவர் வில்கின்ஸ் என்பவரும் ஒரு சோதனை நிகழ்த்தினர். இதற்கென அலைபரப்பி ஒன்றை அவர்கள் அமைக்கவில்லை. அங்கிருந்த பி.பி.சி.யின் சிற்றலை ஒலிபரப்பையே பயன்படுத்தி, வானிற் பறந்த விமானத்தின்மீது பட்டுச் சிதறிய அலையை ஏற்றுக் காட்டினர். பிறர் ஏற்றிய விளக்கின் ஒளியிலே பொருளைக் கண்டது போன்றதே இது.

இரண்டாம் உலகப் போரில் இவ்வினா உயிர்ப் பிரச்சினையாயிற்று. நீர்மூழ்கிகளைத் தேடிய பிரிட்டிஷ் விமானங்கள் 1.5 மீட்டர் அலைநீளமுள்ள ரேடாரை இயக்கின. 1942-இல் ஜெர்மானியர் தம் நீர்மூழ்கிகளில் மெடாக்ஸ் என்னும் ஏற்புக்கருவியைப் பொருத்தினர். மேற்கூறிய கணக்கின்படி, விமானம் நீர்மூழ்கியைக் காண்பதற்கு முன்னரே நீர்மூழ்கி விமானத்தின் அலையைக் கேட்டு நீருள் மறைந்தது. 1943-இல் விமானங்கள் 10 சென்டிமீட்டர் அலைக்கு மாறின. மெடாக்ஸ் அவ்வலையை ஏற்க இயலாதது; ஓசை ஏதும் கேளாமையால் ஆபத்து ஏதுமில்லை என நம்பிய மாலுமிகள் பலர் மாண்டனர். செவிமடுப்பவன், தன் செவிக்கு எட்டாத ஓசையும் உண்டு என்பதை மறத்தலாகாது.

காதங்கியின் குரல்

காதங்கியில் காற்றை ஆராய்பவருக்கு ஒளிந்துகொள்ள வேண்டிய தேவை இல்லை, காற்று பகையன்று. ஆதலின், அங்கு உரக்க வினவலாம். 1990-களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய அங்குள்ள எம்.எஸ்.டி. ரேடார், 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைகளை ஏவுகின்றது. 130 மீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள பரப்பில் 1024 யாகி ஆண்டெனாக்கள், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக, நாற்றங்கால் போல நிற்கின்றன. தொடக்கத்தில் 32 அலைபரப்பிகள் இணைந்து 2.5 மெகாவாட் உச்சத் திறனை வானை நோக்கி ஏவின. பின்னர் ஒவ்வோர் ஆண்டெனாவுக்கும் தனித்தனித் திண்மநிலைக் கருவி அமைக்கப்பட்டது.

தெளிந்த வானில் எதிரொலிப்பது எது? காற்றின் கொந்தளிப்பால் அதன் வெப்பநிலையும் ஈரமும் இடத்துக்கிடம் சிறிது மாறுகின்றன. இம்மாற்றங்களில், அலைநீளத்தில் பாதியளவு, அதாவது ஏறத்தாழ 2.8 மீட்டர் இடைவெளி உள்ளவை அலையில் ஒரு சிறு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. காற்று நகர்வதால் எதிரொலியின் அதிர்வெண் சிறிது மாறும். அம்மாற்றமே காற்றின் வேகத்தைக் கூறும். கற்றையைப் பல திசைகளிற் சாய்த்து அளந்தால் காற்றின் திசையும் கிடைக்கும். தரைக்கு மேல் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வரையிலும், பகற்பொழுதில் 65 முதல் 85 கிலோமீட்டர் வரையிலான உயரத்திலும் இம்முறையால் காற்றோட்டம் ஆராயப்படுகின்றது.

இவ்வளவு உரக்க வினவும் இக்கருவியும் நுண்ணிய செவி உடையதாதல் வேண்டும். திரும்பும் எதிரொலி மிக நலிந்தது. அதனோடு பால்வீதி மண்டலத்திலிருந்து ஓயாது வரும் ரேடியோ இரைச்சலும் கலந்திருக்கும். அவ்விரைச்சலைக் கார்ல் ஜான்ஸ்கி என்னும் பொறியாளர் 1933-இல் உலகிற்கு அறிவித்தார். ஒருவருடைய இரைச்சல் மற்றொருவருடைய செய்தி. ஜான்ஸ்கி செவிமடுத்ததிலிருந்தே ரேடியோ வானியல் பிறந்தது.

காதங்கியில் செவிமடுக்க மட்டுமே அமைந்த கருவிகளும் உண்டு. நுண்ணலை ரேடியோமீட்டர் என்பது ஒன்றையும் ஏவாது. நீராவி 22 கிகாஹெர்ட்ஸ் அளவிலும், ஆக்சிஜன் 60 கிகாஹெர்ட்ஸ் அளவிலும் இயல்பாக வெளியிடும் அலைகளை அது ஏற்று, மேலேயுள்ள ஈரத்தையும் வெப்பநிலையையும் கணிக்க உதவுகின்றது. எம்.எஸ்.டி. ரேடார் காற்றின் ஓட்டத்தைக் கூறும். ரேடியோமீட்டர் அதன் ஈரத்தைக் கூறும். மழைமேகம் எவ்வாறு எழுகின்றது என்பதை அறிய இரண்டும் வேண்டும்.

ஸ்ரீஹரிகோட்டாவில்

ராக்கெட் புறப்படும்போதும் இரு முறைகளும் கைகோத்து நிற்கின்றன. ராக்கெட் தன் அழுத்தம், வெப்பம், வேகம் முதலியவற்றை ரேடியோ வழியே தானே அறிவித்துக்கொண்டு செல்லும். நிலையங்கள் அதனைச் செவிமடுக்கும். ஆனால், பழுதுற்ற ராக்கெட் பேசாது போகலாம். ஆதலின், அதனை நம்பியிராது ரேடார்களும் அதன்மீது அலைகளை ஏவித் தொடர்கின்றன. பாதை தவறிய ராக்கெட் எங்கே செல்கிறது என்பது, கரையோர மக்களின் பாதுகாப்பைப் பற்றியது. அங்கே வாய்பேசா விடைக்குக் காத்திருத்தல் இயலாது.

2025 ஜூலை 30 அன்று அங்கிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோளும் ஏவுமுறை ரேடாரைத் தாங்கியதே. சூரிய ஒளியை ஏற்று மட்டும் படமெடுக்கும் கருவிக்கு இரவிலும் மேகத்திலும் நிலம் தெரியாது. தன் அலையைத் தானே கொண்டு செல்லும் ரேடாருக்கு அத்தடை இல்லை. வெள்ளம் சூழ்ந்த ஊரை மேகத்தினூடும் அது காணும்.

அமைதி என்னும் பொதுச்சொத்து

போரில் அமைதி காப்பது மறைந்திருப்பதற்காக. ஆராய்ச்சியில் அமைதி காப்பது பிறர் கேட்பதற்காக. உரக்கப் பேசுவோர் பெருகப் பெருக, செவிமடுப்போரின் பணி கெடும். இதனாலேயே 23.6 முதல் 24 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் எவரும் அலை பரப்பலாகாது என்பது சர்வதேச விதி. நீராவியின் மெல்லிய குரலை அங்கே செயற்கைக்கோள்கள் கேட்கின்றன. வானிலைக் கணிப்பிற்கு அது இன்றியமையாதது. பக்கத்து அலைவரிசையிலிருந்து கசியும் சிறு ஒலியும் ஈரத்தின் அளவைப் பொய்யாக்கிவிடலாம். பொய்யான அளவு, பொய்யான முன்னறிவிப்புக்கு வழிகோலும்.

ஆசிரியர்கள் இவ்வுண்மையை எளிதில் விளக்கலாம். இருண்ட மைதானத்தின் இரு முனைகளில் இரு மாணவரை நிறுத்தி, ஒருவனிடம் கைவிளக்கைத் தருக. அவன் விளக்கைப் பிடித்தவாறு மெல்ல மற்றவனை நோக்கி நடக்கட்டும். விளக்கில்லாதவன் எத்தனை அடி தொலைவில் விளக்கைக் கண்டான், விளக்கேந்தியவன் எத்தனை அடி தொலைவில் தோழனைக் கண்டான் என்பவற்றை அளந்து குறிக்கச் சொல்லுக. இரு எண்களின் வேறுபாடே பாடத்தைக் கூறிவிடும். பின்னர் மைதானத்து விளக்குகள் அனைத்தையும் ஏற்றிவிட்டு, வானில் எத்தனை விண்மீன்கள் எஞ்சுகின்றன என்று எண்ணச் சொல்லுக.