பர்னபாஸின் சுவிசேஷம் எமக்கு ஆதாரமாகுமா?

எமது வீடுகள் சிலவற்றில் குர்ஆன் தர்ஜமாவுக்கும் ஹதீஸ் கிதாபுகளுக்கும் பக்கத்தில் 'பர்னபாஸின் சுவிசேஷம்' என்ற புத்தகமும் வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். "இதுதான் அசல் இன்ஜீல், பாதிரிமார் மறைத்து வைத்தது" என்று யாரோ சொல்லக் கேட்டு, நல்லெண்ணத்தோடு வாங்கி வைத்திருப்பார்கள். ஒரு தாய் என்னிடம் கேட்டார். அவரது மகள், தன்னோடு படிக்கும் கத்தோலிக்கச் சினேகிதியிடம் இப்புத்தகத்தை வைத்து வாதாடினாளாம். மறுநாள் அந்தப் பிள்ளை, "நாஸரேத் ஊர் கடற்கரையிலா இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்க, மகளுக்குப் பதில் வரவில்லையாம். "மௌலவி, நாங்கள் சொன்னது பொய்யா?" என்பதே அத்தாயின் கேள்வி.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஈஸா (அலை) அவர்களைப் பற்றி அல்-குர்ஆன் சொல்வதில் எவ்விதச் சந்தேகமும் இல்லை. ஆனால், அதற்குச் சாட்சியாக நாம் தூக்கிப் பிடிக்கும் இந்தப் புத்தகம் அக்காலத்தில் எழுதப்பட்டதல்ல.

முதலில் பர்னபாஸ் யார் என்று பார்ப்போம். ஸைப்ரஸ் தீவைச் சேர்ந்த லேவி கோத்திரத்தவர். யோஸேப்பு என்பது அவரது இயற்பெயர். பவுலோடு பிரயாணம் செய்தவர் என்று பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் கூறுகிறது. பன்னிரண்டு சீடர்களில் அவர் ஒருவரல்லர். இந்தச் சுவிசேஷமோ அவரைப் பன்னிருவரில் ஒருவராக்கி, தோமாவை அப்பட்டியலிலிருந்தே விட்டுவிடுகிறது.

பர்னபாஸின் பெயரில் உண்மையிலேயே பழைமையான நூல் ஒன்று உண்டு. அது 'பர்னபாஸின் நிருபம்' எனப்படும் கடிதம். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்க் கையெழுத்துப் பிரதியில் அது இருக்கிறது. யூதரின் சட்டதிட்டங்களுக்கு விளக்கம் சொல்லும் அக்கடிதத்தில் நாம் தேடும் செய்தி எதுவுமில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, "முதல் நூற்றாண்டிலேயே இருந்த நூல்" என்று மேடைகளில் பேசுவோர் உளர். ஐந்தாம் நூற்றாண்டில் பர்னபாஸின் கப்ரைத் திறந்தபோது இந்தச் சுவிசேஷம் அவரது நெஞ்சின்மீது இருந்தது என்பது இன்னொரு கதை. கிறிஸ்தவர்களின் அப்பழைய கதையில் வருவது மத்தேயுவின் சுவிசேஷமேயன்றி வேறல்ல. கி.பி. 325இல் நிஸியா மாநாடு இதைத் தடை செய்தது என்பதற்கும் ஆதாரமில்லை. எது வேதம், எது வேதமல்ல என்ற பட்டியலை அம்மாநாடு போடவே இல்லை. பிற்காலத்துத் தடைப் பட்டியலொன்றில் பர்னபாஸின் பெயரில் ஒரு சுவிசேஷம் குறிப்பிடப்படுவது உண்மைதான். ஆனால் அந்நூலின் ஒரு வரிகூட எஞ்சவில்லை. அதுதான் இது என்று சொல்ல வழியில்லை.

அப்படியானால் கையிலிருக்கும் நூல் எங்கிருந்து வந்தது? வியன்னா தேசிய நூலகத்தில் இத்தாலிய மொழிப் பிரதி ஒன்று உள்ளது. கிரமர் என்பவர் 1713இல் அதை இளவரசர் யூஜினுக்கு வழங்கினார். 1738இல் அது வியன்னா நூலகத்துக்குச் சென்றது. அதன் ஓரங்களில் அரபுக் குறிப்புகள் உள்ளன. அரபு இலக்கணம் ஒழுங்காகத் தெரியாதவர் எழுதியவை அவை என்பதை அறிஞர்கள் எடுத்துக் காட்டியுள்ளனர். (எமது மத்ரஸாவின் முதலாம் வருட மாணவனே சிவப்பு மையால் திருத்திவிடுவான் போலும்!) ஸ்பானியப் பிரதியொன்றும் இருந்தது. குர்ஆனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜோர்ஜ் ஸேல் 1734இல் அதைப் பற்றி எழுதினார். அது பின்னர் தொலைந்துபோக, அதைப் பார்த்து எழுதிய பிரதியொன்று 1970களில் சிட்னிப் பல்கலைக்கழக நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. எபிரேயம், அரமைக், கிரேக்கம் ஆகிய மொழிகளில் ஒரு தாள்கூட கிடையாது.

ராக் தம்பதியர் 1907இல் ஒக்ஸ்போர்டில் இதை ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். இது பிற்காலத்து நூல் என்பதை விளக்கும் நீண்ட முன்னுரையும் எழுதினார்கள். மறு வருடமே கெய்ரோவில் ரஷீத் ரிழா அரபு மொழிபெயர்ப்பைப் பதிப்பித்தார். பிறகு பாகிஸ்தானில் ஆங்கில நூலை மறுபதிப்புச் செய்தபோது ராக் தம்பதியரின் முன்னுரையை எடுத்துவிட்டார்கள். அப்படிச் செய்தது எனக்குச் சரியாகப்படவில்லை. ஹதீஸை மட்டும் சொல்லி, அதன் இஸ்னாதில் உள்ள குறையை மறைப்பது போன்றது அது.

இனி நூலுக்குள் வருவோம். ஈஸா (அலை) அவர்கள் கடலில் கப்பலேறி நாஸரேத்துக்குப் போனதாக இதில் வருகிறது. நாஸரேத் கடலிலிருந்து தூரத்திலுள்ள மலைப்பாங்கான ஊர். ஈஸா (அலை) பிறந்த காலத்தில் பிலாத்து ஆளுநராக இருந்தான் என்கிறது. பிலாத்து பதவி வகித்ததோ கி.பி. 26 முதல் 36 வரை. யூபிலி வருடம் நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதாகச் சொல்கிறது. தவ்ராத்தில் உள்ளபடி அது ஐம்பதாவது ஆண்டாகும். நூறு என்ற கணக்கைக் கொண்டுவந்தவர் 1300ஆம் ஆண்டில் பாப்பரசர் எட்டாம் பொனிபாஸ். அடுத்த அரை நூற்றாண்டுக்குள்ளேயே இன்னொரு பாப்பரசர் அதை ஐம்பதாக்கினார். 1300க்கு முந்திய எவரும் இந்த வரியை எழுதியிருக்க முடியாது.

கிறிஸ்தவர்களின் வாதங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, குர்ஆனோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சகோதரிகளே. ஈஸா (அலை) அவர்களை 'அல்-மஸீஹ்' என்று ஆல இம்ரான் ஸூராவின் 45ஆவது வசனம் அழைக்கிறது. இந்நூலிலோ, "நான் மஸீஹ் அல்ல" என்ற கருத்தை அவர்களே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்! அதே நூலின் ஆரம்பத்தில் அவர்களுக்குக் 'கிறிஸ்து' என்ற பெயரும் தரப்பட்டிருக்கிறது. கிறிஸ்து என்பது மஸீஹ் என்பதன் கிரேக்க வடிவம் என்பதுகூட எழுதியவருக்குத் தெரிந்திருக்கவில்லை. குர்ஆன் ஏழு வானங்களைக் கூறுகிறது, இது ஒன்பது என்கிறது.

மர்யம் (அலை) அவர்கள் வேதனையின்றிப் பெற்றெடுத்ததாக இதன் மூன்றாவது அத்தியாயம் சொல்கிறது. அது கிறிஸ்தவ உலகின் நம்பிக்கை. ஸூரா மர்யமின் 23ஆவது வசனத்தை எடுத்துப் பாருங்கள். பிரசவ வேதனை தாங்காமல் ஈச்ச மரத்தடிக்கு ஒதுங்கி, இதற்கு முன்பே மரணித்திருக்கக் கூடாதா என்று புலம்பும் ஒரு பெண் அங்கே தெரிகிறார். அல்லாஹ் அவருக்குக் கனியும் நீரும் கொடுத்து ஆறுதல் சொல்கிறான். பிள்ளை பெற்ற எந்தத் தாய்க்கும் அந்த வசனத்தை விளக்க வேண்டியதில்லை. அந்த மர்யமை இந்நூலில் காணமுடியாது.

எமது முன்னோர் இதை எப்படிக் கையாண்டார்கள்? ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம் கிறிஸ்தவ வேதங்களை வரிவரியாக ஆராய்ந்தவர். இப்னு தைமிய்யா இதே துறையில் பெரியதொரு நூலை எழுதினார். இருவரும் இப்படியொரு சுவிசேஷத்தைக் குறிப்பிடவில்லை. கையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா? முஸ்லிம்களின் எழுத்தில் இதைப் பற்றிய முதல் குறிப்பாக அறியப்படுவது, 1634 அளவில் தூனிஸில் எழுதப்பட்டதாகும். எழுதியவர் ஸ்பெயினிலிருந்து வெளியேறியவர்களில் ஒருவர்.

இந்நூல் உருவான சூழலை அறிய இது ஒரு திறவுகோல் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். கிரனாடாவின் வீழ்ச்சிக்குப் பின் ஸ்பெயின் முஸ்லிம்கள் பலவந்தமாக ஞானஸ்நானம் பெறவைக்கப்பட்டார்கள். வீட்டுக்குள் தொழுது, வெளியே தேவாலயம் சென்று வாழ்ந்த அவர்கள் மொரிஸ்கோக்கள் எனப்பட்டனர். 1609 முதல் 1614 வரை நாட்டைவிட்டே துரத்தப்பட்டனர். ஸ்பானியப் பிரதியை மொழிபெயர்த்தவராகச் சொல்லப்படுபவரும் இஸ்தான்புலில் வசித்த அரகோன் முஸ்லிமே. இதே மக்களிடையே 1595 அளவில் கிரனாடாவில் ஈயத் தகடுகளில் எழுதப்பட்ட போலிப் 'பழைய நூல்கள்' தோன்றியதும் சரித்திரம். அவர்களது துயரத்தை நினைத்தால் கண் கலங்குகிறது. ஆயினும் துயரத்தில் பிறந்தது என்பதற்காக ஒரு நூல் ஸஹீஹாகிவிடாது.

கிறிஸ்தவ அறிஞர்களிடம் ஒரு நல்ல பழக்கத்தைக் கண்டேன். நான்கு சுவிசேஷங்களின் தலைப்புகளும் பின்னர் இடப்பட்டவை என்பதை அவர்களில் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கிறார்கள். மாற்குவின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் சினாய், வத்திக்கான் ஆகிய பழைய பிரதிகள் இரண்டிலுமே இல்லை என்பதைத் தமது பதிப்புகளிலேயே அச்சிடுகிறார்கள். எபிரேயருக்கு எழுதிய நிருபத்தின் ஆசிரியர் யாரென்று மூன்றாம் நூற்றாண்டின் ஒரிகனுக்கே நிச்சயமில்லை. அவர்களது நூல்களில் நாம் இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டிவிட்டு, எமக்குப் பிடித்த நூலுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டால் அது நீதியா? செய்தி வந்தால் விசாரித்துப் பார்க்கும்படி ஹுஜுராத் ஸூராவில் இடப்பட்ட கட்டளை இதற்கும் சேர்த்துத்தான்.

அந்தத் தாயிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். நபிகள் (ஸல்) அவர்களின் வருகை முன்னறிவிக்கப்பட்டது என்பதை நாம் நம்புவது அஃராஃப் 157, ஸஃப் 6 ஆகிய வசனங்களால். பர்னபாஸை வைத்தல்ல. மகள் தன் சினேகிதியிடம், "நீ சொன்னது சரி, நாஸரேத் கடற்கரையில் இல்லை" என்று சொல்லட்டும். அதனால் அவளது ஈமானுக்கு ஒரு குறையும் வராது. புத்தகத்தை எறியவும் தேவையில்லை. குர்ஆனுக்கும் ஹதீஸுக்கும் பக்கத்திலிருந்து எடுத்து, ஸ்பெயின் முஸ்லிம்களின் சரித்திரம் இருக்கும் தட்டில் வையுங்கள்.