அம்புக்குறிக்குள் என்ன நடக்கிறது?

பாடப்புத்தகத்தில் ஒரு விதை. பக்கத்தில் ஓர் அம்புக்குறி. அது முடிகிற இடத்தில் இரண்டு இலை விட்ட செடி. பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். விதைக்கும் செடிக்கும் இடையே நடந்ததெல்லாம் அந்த அம்புக்குறிக்குள் மூடிக்கிடக்கிறது.

அதைத் திறக்க வைக்கும் எளிய கருவி ஒன்று உண்டு. சார்ட் அட்டையில் செய்துவிடலாம். ஸோயிட்ரோப் என்று பெயர். இங்கே படச்சுழலி என்று சொல்வோம். மேல்மூடி இல்லாத உருளை அது. மேற்பாதியில் சம இடைவெளியில் செங்குத்தான பிளவுகள். கீழ்ப்பாதியின் உட்சுவரில் ஒரு தாள்பட்டை. அதில் ஒன்றிலிருந்து ஒன்று சற்றே மாறும் பன்னிரண்டு படங்கள். உருளையைச் சுழற்றிவிட்டுப் பிளவுகளின் வழியே எதிர்ப்பக்கச் சுவரைப் பார்த்தால், படம் அசையும்.

இதன் முன்னோடி ஒரு வட்டத் தகடு. 1832 வாக்கில் பெல்ஜியத்தில் ஜோசப் பிளாட்டோவும் வியன்னாவில் சைமன் ஸ்டாம்ப்ஃபரும் ஒருவரை ஒருவர் அறியாமலே அதைச் செய்தார்கள். கண்ணாடி முன் நின்று சுழற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்கலாம். 1834இல் இங்கிலாந்தின் பாத் நகரில் வாழ்ந்த கணித ஆசிரியர் வில்லியம் ஜார்ஜ் ஹார்னர் தகட்டை உருளையாக்கினார். சுற்றிலும் பிள்ளைகள் உட்கார்ந்து ஒரே சமயத்தில் பார்க்க முடிந்தது. வகுப்பறைக்கு இதுதானே வேண்டும்!

பிளவு எதற்கு? உருளைக்கு மேலாக எட்டிப் பார்த்தால் படங்கள் ஒன்றோடொன்று குழம்பி, சாம்பல் நிறப் பட்டையாகத்தான் தெரியும். பிளவு கண்ணுக்கு நேரே வரும் ஒரு கணம் மட்டும் ஒரு படம் தெரிகிறது. உடனே கறுப்புச் சுவர் வந்து மறைக்கிறது. அடுத்த பிளவு வரும்போது அந்த இடத்தில் அடுத்த படம். திரையரங்கு புரொஜெக்டரில் ஷட்டர் செய்கிற வேலையை இங்கே அட்டைச்சுவர் செய்கிறது.

இதற்குப் ‘பார்வை நீட்டிப்பு’தான் காரணம் என்று நாம் படித்திருக்கிறோம். விழித்திரையில் பிம்பம் சற்று நேரம் தங்கும் என்பது உண்மை. ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்தால் பழைய படமும் புதிய படமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து தெரிய வேண்டும். அசைவு எப்படி வரும்? மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் ஃபிராங்க்ஃபர்ட்டில் ரயிலைவிட்டு இறங்கி, இப்படிப்பட்ட ஒரு பொம்மையை வாங்கிவந்து ஆராயத் தொடங்கினார் என்று சொல்வார்கள். 1912இல் அவர் வெளியிட்ட ஆய்வு, அசைவு மூளையில் உருவாவதைக் காட்டியது. இரண்டு கோடுகளை மிகச் சிறிய இடைவெளி விட்டு மாறி மாறிக் காட்டினால், ஒரே கோடு நகர்வதாகவே மூளை எடுத்துக்கொள்கிறது. பார்ப்பவரின் மூளை நடுவழியை இட்டு நிரப்பிக்கொள்கிறது. வரைகிற குழந்தைக்கு அந்த வசதி கிடையாது. அவள் ஒவ்வொரு நடுப்படத்தையும் யோசித்துத்தான் போட வேண்டும். பாடம் அங்கேதான் நடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

செய்யத் தொடங்கும்போதே கணக்கு வந்துவிடும். உருளையின் விட்டம் 20 செ.மீ. என்றால் பட்டையின் நீளம் என்ன? குத்துமதிப்பாக வெட்டுகிற பிள்ளைக்குப் பட்டை போதாது. விட்டத்தை 3.14ஆல் பெருக்கினால் 62.8 செ.மீ.; ஒட்டுவதற்குக் கொஞ்சம் கூடுதல். அதைப் பன்னிரண்டாகப் பிரிக்க ஸ்கேல்கூட வேண்டாம்: மூன்றாக மடித்து, பின் இரண்டிரண்டாக இருமுறை மடித்தால் போதும். பிளவு 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். வெளிப்பக்கம் கறுப்பாக இருந்தால் படம் தெளியும். பன்னிரண்டு பிளவுக்குப் பதினோரு படம் போட்டுவிட்டால் உருவங்கள் நின்ற இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே போகும். ஏன் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். வட்டமாக வரைந்த பந்து சுழலும்போது ஒல்லியாகத் தெரியும். பிளவும் படமும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் வரும் விளைவு அது. கொஞ்சம் அகட்டி வரைந்தால் சரியாகிவிடும்.

இப்போது விதைக்கு வருவோம். பச்சைப்பயறு முளைப்பதைப் பன்னிரண்டு படமாக வரையச் சொன்னால், பெரும்பாலான பிள்ளைகள் விதையை மண்ணுக்குள் இருத்திவிட்டு அதிலிருந்து ஆணிபோல நேராக ஒரு தண்டை மேலே அனுப்புவார்கள். ஈரத்துணியில் முளைகட்டிய பயறு வீட்டுச் சமையற்கட்டில் இருந்தாலும், இந்தக் கேள்வியோடு அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கொஞ்சம் பயற்றை ஊறவைத்து, கண்ணாடி டம்ளரின் ஓரமாக மண்ணில் பதித்து, தினமும் கவனிக்கச் சொல்லுங்கள். முதலில் தோல் கிழிந்து முளைவேர் வரும். விதையை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் வேர் வளைந்து கீழே போகும். அடுத்து வருவதுதான் யாரும் எதிர்பாராத படம்: தண்டு கொக்கிபோல வளைந்து, முதுகால் மண்ணை முட்டிக்கொண்டு எழுகிறது. இளங்குருத்து கிழிந்துவிடாமல் காப்பது அந்த வளைவு. வெளிச்சத்துக்கு வந்தபின் கொக்கி நிமிர்கிறது. விதையிலைகளும் கூடவே மேலே வந்துவிடுகின்றன. பக்கத்து டம்ளரில் கொண்டைக்கடலை போட்டிருந்தால், அங்கே விதை மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். முதலில் வரைந்த பட்டையையும் பார்த்தபின் வரைந்த பட்டையையும் மாற்றி மாற்றிச் சுழற்றினால், தான் எதைத் தவறாக நினைத்திருந்தாள் என்பதை அந்தப் பிள்ளையே கண்டுகொள்வாள். சிவப்பு மை தேவைப்படாது.

நடுப்படம் தெரியாமல் தவித்தது குழந்தைகள் மட்டுமல்ல. பாய்ந்தோடும் குதிரையை ஓவியர்கள் வெகுகாலம் முன்கால்கள் முன்னேயும் பின்கால்கள் பின்னேயும் நீட்டியபடி, அந்தரத்தில் பறப்பதாக வரைந்தார்கள். 1878இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓட்டப்பாதையோரம் கேமராக்களை வரிசையாக நிறுத்தி எடுத்த படங்கள் வேறொன்றைக் காட்டின. நான்கு கால்களும் தரையைவிட்டு எழும் கணம் உண்டு. ஆனால் அப்போது அவை வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன. அந்தப் படங்களை அதே ஆண்டு வெளியிட்ட சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழ், வெட்டி ஸோயிட்ரோப்பில் சுழற்றிப் பாருங்கள் என்று வாசகர்களுக்கு யோசனை சொன்னது. அறிவியல் முடிவைச் சரிபார்க்க ஒரு விளையாட்டுப் பொருள் போதுமானதாக இருந்தது.

இயற்பியலுக்குப் புரட்டுப் புத்தகம் இன்னும் தோதானது. நோட்டின் ஓரத்தில் பந்து விழுவதை வரைந்து கட்டைவிரலால் புரட்டினால் போதும். பந்தைச் சம இடைவெளியில் இறக்கினால் அது விழாது. நூல் கட்டி இறக்கியதுபோல் இருக்கும். 16 செ.மீ. உயரத்தை நான்கு பக்கங்களில் 1, 3, 5, 7 என்று பிரித்து இறக்கச் சொல்லுங்கள். பந்துக்கு உடனே எடை வந்துவிடும். சம நேரங்களில் விழும் தூரம் இந்த ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் கூடும் என்பது கலிலியோ கண்ட விதி. ஓவியம் நன்றாக வர வேண்டியதில்லை, இடைவெளி சரியாக இருந்தால் போதும். கைப்பேசிச் செயலிகளிலும் இதைச் செய்யலாம். முதற்படமும் கடைசிப் படமும் கொடுத்தால் நடுப்படங்களைத் தானே போட்டுத்தரும் வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். பிள்ளை யோசிக்க வேண்டிய பகுதி அதுதான்.

எனக்கு மிகப் பிடித்தது நிலாப் புத்தகம். பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று நம்பும் பிள்ளை, வட்டத்தை ஒரு வளைந்த நிழல் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிப்பதுபோல் வரைந்துகொண்டே வருவாள். அரை நிலாவில் வந்து மாட்டிக்கொள்வாள். உருண்டையான பூமியின் நிழல், அரை நிலாவில் தெரியும் நேர்க்கோட்டை எப்படிப் போடும்? இருட்டறையில் ஒரு பல்பின் முன் பந்தைப் பிடித்தபடி பிள்ளையை நின்ற இடத்திலேயே சுற்றச் செய்தால், பந்தின் ஒளிபட்ட பாதியைத்தான் வெவ்வேறு கோணங்களில் பார்க்கிறோம் என்பது விளங்கிவிடும். பிறகு மாதம் முழுக்க வானத்தைப் பார்த்து, நாளுக்கு ஒரு பக்கம். மூன்றாம் பிறை, பல புத்தகங்களில் இருப்பதுபோல் அடைப்புக்குறியாக நிற்காது. நம் ஊர் வானில் அது படகுபோல் சாய்ந்து கிடக்கும். பௌர்ணமி கழிந்தால் நிலா நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் பிந்தி எழும். சாயங்காலம் தேடினால் கிடைக்காது. பள்ளிக்குக் கிளம்பும்போது மேற்கே பார்க்க வேண்டும். மேகம் மூடிய நாளில் ஒன்றும் தெரியாது. அந்தப் பக்கத்தை ஊகித்து நிரப்ப வேண்டாம், தேதி மட்டும் எழுதி வெறுமையாக விடச் சொல்லுங்கள். புரட்டும்போது நிலா அங்கங்கே அணைந்து மறுபடி எரியும். ஐப்பசியில் தொடங்கிய புத்தகம் என்றால், கொஞ்சம் அதிகமாகவே அணையும்.